ஒப்புதல் தர வேண்டியவர்

செத்துப்போன ஒரு மனிதரின் பெயரைக் கோப்பிலிருந்து எடுக்க வேண்டுமானால் அதற்கு அந்த மனிதரே ஒப்புதல் தர வேண்டும். இப்படி ஒரு விதியை நான் வேடிக்கைக்காகக் கட்டிவிடுகிறேன் என்று நினைப்பவர்கள், எங்கள் கெர்னல் குழுவில் சேர்ந்து கொஞ்ச காலம் குப்பை கொட்டிப் பார்க்கலாம். நான் பல வருடமாகக் கொட்டிக்கொண்டிருக்கிறேன்.

கெர்னல் என்பது கணினிக்குள் மற்ற எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிற மென்பொருள். எங்கள் கெர்னலை உலகம் முழுக்க இருக்கிறவர்கள் மின்னஞ்சலிலேயே சண்டை போட்டு எழுதுகிறார்கள். அதில் லேப்டாப்களுக்கென்று ஒரு பிரிவு உண்டு. ஒவ்வொரு கம்பெனிக்காரனும் வெளிச்சத்தைக் குறைக்கும் விசை, காற்றாடி விசை என்று தன் இஷ்டத்துக்கு வைத்துத் தொலைப்பதால், அந்த விசையை அமுக்கினால் என்ன செய்வது என்று கெர்னலுக்குச் சொல்லிக்கொடுக்க ஒவ்வொரு லேப்டாப்புக்கும் ஒரு சின்ன நிரல் எழுத வேண்டும். அதற்குப் பெயர் டிரைவர். அப்படி ஒரு டிரைவரை எழுதிப் பராமரித்து வந்தவர் எங்கள் நோவி சாத் நகரத்து ஷிவோயின். என்னோடு ஒரே அறையில் வேலை பார்த்தவர். நவம்பரில் வரும் மிட்ரோவ்தான் என்ற புனிதர் பண்டிகைக்கு முந்தைய நாள் காபி போட எழுந்தவர் சமையலறையிலேயே விழுந்தார். பண்டிகைக்காக அவித்து வைத்திருந்த கோதுமையை அடக்கத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுத்தோம்.

அடக்கம் முடிந்த மறுநாளிலிருந்து அவருக்கு வசவு வர ஆரம்பித்தது.

எதற்காக என்று சொல்ல வேண்டும். கெர்னலில் பல்லாயிரம் பகுதிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் வேண்டும், வேண்டாம் என்று நாம் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் ஒன்றுக்கு இன்னொன்று தேவைப்படும், அதை எழுதி வைக்க இரண்டு வழி உண்டு. ‘அவர் வந்திருந்தால்தான் நானும் வருவேன்’ என்று மரியாதையாக எழுதலாம். அல்லது, ‘நான் வந்தால் அவரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவேன்’ என்று எழுதலாம். இப்படி இழுத்துவரப்பட்டவர் தன் பெண்டாட்டி பிள்ளைகளை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்து நிற்பார் என்பதுதான் இரண்டாவது வழியில் உள்ள வம்பு. ஷிவோயின் எழுதிய டிரைவர், திரை வெளிச்சத்தைக் கவனிக்கும் பகுதியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தது. வெளிச்சப் பகுதிக்குத் திரைப் பகுதி வேண்டும். லேப்டாப் என்றால் திரை இருக்கும்தானே என்று அவர் அதைச் சொல்லவில்லை. வருடக்கணக்காக ஒரு தொந்தரவும் இல்லை.

பிறகு எங்கள் ஆட்கள் ஒரு ரோபோவை உருவாக்கினார்கள். அது கண்ணை மூடிக்கொண்டு சில பகுதிகளை வேண்டும் என்றும் சிலவற்றை வேண்டாம் என்றும் சொல்லி, கெர்னலைக் கட்டிப் பார்க்கும். உடைந்தால், பொறுப்பானவருக்கு விடிவதற்குள் கடிதம் போட்டுவிடும். ஒருநாள் அது லேப்டாப் டிரைவர் வேண்டும், திரை வேண்டாம் என்று தேர்ந்தது.

ஷிவோயினின் மனைவி ராடோய்கா அண்ணி என்னைத் தெலெப் பகுதியில் இருந்த தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். நாடக அரங்கில் உடை தைக்கிறவர். மின்சாரக் கட்டண ரசீதும் ஷிவோயினின் மின்னஞ்சல் முகவரிக்குத்தான் வரும் என்பதால் தினமும் அதைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது அவருக்கு.

“வுகாஷின், யாருடா இவன்? தினம் காலையில என் மனுசனைத் திட்டுறான். ‘அன்புள்ள ஷிவோயின், உங்கள் கவனக்குறைவால் மறுபடியும் உடைந்தது’ன்னு. மறுபடியுமாம்!”

“அது ஆளில்ல அண்ணி. மெஷின்.”

“மெஷினுக்கு என்னடா கோவம்?”

“அவரு எழுதின ஒரு வரி மேல. திரை இல்லாத லேப்டாப்புல, திரை வெளிச்சத்தைக் குறைக்கிற விசை சரியா வர மாட்டேங்குதாம்.”

அண்ணி காபிப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“திரை இல்லாத லேப்டாப் யாருகிட்டடா இருக்கு?”

“யாருகிட்டயும் இல்ல.”

“அப்புறம்?”

“ஆனா இருக்கலாமில்ல.”

எங்கள் தொழிலைப் பற்றி இதைவிட நேர்மையாக நான் யாரிடமும் சொன்னதில்லை. அண்ணி சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“உசிரோட இருந்தப்ப நான் திட்டினது போதாதாடா அவருக்கு? மண்ணுக்குள்ள போன மனுசனை எதுக்கு இப்படிக் கரிச்சுக் கொட்டணும்? அவரு பேரை எடுக்கச் சொல்லு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.”

நான் சொல்லட்டுமா என்று கேட்டேன். மனைவி நான் இருக்கும்போது நீ எதற்கு என்று குழுவுக்கு அவரே எழுதினார். மேலே ஒரு சிலுவை, கறுப்புத் தடித்த எழுத்து, எங்கள் ஊர் வழக்கப்படி வீட்டுக் கதவிலும் ரொட்டிக்கடை வாசலிலும் ஒட்டியிருந்த மரண அறிவிப்பின் படம். உடனே பதில் வந்தது. ‘உங்கள் மடல் அலங்கார எழுத்தில் உள்ளது. இணைப்பும் உள்ளது. இரண்டும் ஏற்கப்படாது.’ சிலுவையை எடுத்துவிட்டு, வெறும் எழுத்தில், ‘என் கணவர் இறந்துவிட்டார். தயவுசெய்து அவரைத் திட்டாதீர்கள்’ என்று ரோபோவின் கடிதத்துக்கு மேலே எழுதி அனுப்பினார். இந்த முறை ஒரு மனிதரே பதில் எழுதினார். லேப்டாப் பிரிவின் தலைவர் டீட்மார். ஜெர்மனிக்காரர், தங்கமான மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள்.

‘தகவலுக்கு நன்றி. இனிமேல் பதிலை மேற்கோளுக்குக் கீழே எழுதவும். மேலே எழுதினால் படிப்பவர்களுக்கு உரையாடலின் போக்கு புரிவதில்லை.’

அதற்கப்புறம் நான் இறங்கினேன். இரண்டு திருத்தங்களை அனுப்பினேன். இழுத்து வருவதை மாற்றி மரியாதையாக எழுதும் ஒரு வரித் திருத்தம் ஒன்று. பராமரிப்பாளர் கோப்பிலிருந்து ஷிவோயினின் பெயரை எடுக்கும் திருத்தம் இன்னொன்று. இரண்டும் சரியாக இருக்கின்றன என்று டீட்மார் மகிழ்ந்தார். டிரைவரின் பராமரிப்பாளரான ஷிவோயின் இரண்டுக்கும் ஒப்புதல் தந்ததும் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

அவர் இறந்துவிட்டார் என்பதைத் திருத்தத்தின் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறேனே என்றேன். விளக்கம் தெளிவாக இல்லை என்று வேறு யாரோ குறுக்கே வந்தார். இது எந்தப் பழைய பிழையைச் சரிசெய்கிறது என்று குறிப்பிடச் சொன்னார் ஒருவர். ‘இறந்துவிட்டார்’ என்று நடந்து முடிந்ததாக எழுதக் கூடாது, திருத்த விளக்கங்களைக் கட்டளையாகத்தான் எழுத வேண்டும் என்றார் இன்னொருவர். யாருக்கு என்ன கட்டளை இடுவது என்று எனக்குத் தெரியவில்லை. சரி என்று எல்லாவற்றையும் தட்டிக்கொட்டி இரண்டாம் பதிப்பாக அனுப்பினேன்.

‘முதல் பதிப்புக்கும் இரண்டாம் பதிப்புக்கும் இடையே என்ன மாறியிருக்கிறது என்று எழுதவில்லையே’ என்று டீட்மார் கேட்டார்.

‘ஒன்றும் மாறவில்லை. அவர் இன்னும் இறந்துதான் இருக்கிறார்’ என்று எழுதினேன்.

அந்தப் பதிலின் தொனி குழுவின் நன்னடத்தை விதிக்கு ஒத்துவரவில்லை என்று எனக்கு எச்சரிக்கை வந்தது. குளிர்காலம் முழுக்க இப்படியே போயிற்று. ரோபோ மட்டும் ஒருநாள்கூடத் தவறவில்லை. ‘அன்புள்ள ஷிவோயின்.’ அண்ணி ஒவ்வொன்றையும் படித்தார். படிக்காதீர்கள் என்றால், அவருக்கு வந்ததைப் படிக்காமல் எப்படி விடுவது என்பார்.

வசந்தத்தில் குழுவின் ஆண்டுக் கூட்டம் எங்கள் ஊரிலேயே, தன்யூப் ஆற்றங்கரை ஹோட்டல் ஒன்றில் வைக்கப்பட்டது. ஷிவோயினுக்கு அரை வருட நினைவு நாளும் அந்த வாரம்தான். அண்ணி கறுப்பு உடை உடுத்தி, கோதுமையை அவித்து, வால்நட்டும் சர்க்கரையும் கலந்து, தட்டில் எடுத்துக்கொண்டு என்னுடன் வந்தார். செத்தவருக்காக ஆளுக்கு ஒரு கரண்டி எடுத்து, ஆண்டவன் அவரை மன்னிக்கட்டும் என்று சொல்வது எங்கள் வழக்கம். அரங்க வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் தட்டை நீட்டினார். முதலில் வந்தவர் பதறிப்போனார்.

“இதுல வால்நட் இருக்கா?”

“இருக்கு.”

“அதை எங்கயும் அறிவிக்கலையே! ஒண்ணு உள்ள வந்தா கூடவே என்னென்ன வருதுன்னு முன்னாடியே எழுதி வைக்கணும். இதுதானேம்மா எங்க கொள்கையே!”

பின்னால் இருந்தவர்களுக்குப் பயம் தொற்றிக்கொண்டது. யாரும் எடுக்கவில்லை. நான் ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டேன்.

மேடையில் எங்கள் பிரச்சினையைத் தனியாக ஒரு விவாதப் பொருளாகவே வைத்திருந்தார்கள். டீட்மார் எழுந்து, அண்ணியைப் பார்த்துத் தலை வணங்கி, மிக உருக்கமாகப் பேசினார். நான் அண்ணிக்கு மொழிபெயர்த்தேன்.

“அம்மா, ஷிவோயின் மேல எங்களுக்கு எவ்வளவு மரியாதைன்னா, அவரைக் கேக்காம அவரைப் பத்தி ஒரு முடிவுகூட நாங்க எடுக்க மாட்டோம். இந்த அரை வருஷத்துல அவரு யாரோட திருத்தத்தையும் மறுக்கல. ஒருத்தரையும் ஒரு வார்த்தை கடிஞ்சு பேசல. எங்க பராமரிப்பாளர்கள்ல இவ்வளவு நல்லா நடந்துக்கறவங்க ரொம்பக் கம்மி. அப்படிப்பட்டவரை எப்படிம்மா விட்டுக்கொடுப்போம்?”

அரங்கம் கைதட்டியது. ஷிவோயின் உயிரோடு இருந்தபோது அவருக்கு இப்படி யாரும் தட்டியதில்லை.

“இன்னொண்ணையும் யோசிக்கணும். செத்துட்டாருங்கறதுக்காக ஒருத்தரை எடுத்தோம்னு வைங்க. நாளைக்கு வேலை செய்யலங்கறதுக்காகவும் எடுக்கச் சொல்லுவாங்க. அப்புறம் இந்த மேடையில யாரு மிஞ்சுவோம்?”

இதற்கு மேடையில் இருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து தட்டினார்கள்.

“இவங்க கோப்புல ‘இறந்துட்டாரு’ன்னு ஒரு எழுத்து எழுதக்கூட இடமில்லையான்னு கேளு” என்றார் அண்ணி. கேட்டேன்.

“நிலைகள் ஏற்கெனவே தீர்மானமாயிடுச்சு” என்று டீட்மார் வருத்தத்தோடு சொன்னார். “சம்பளம் வாங்கிட்டுப் பாக்கறவங்க, சும்மா பாக்கறவங்க, எப்பவாவது எட்டிப் பாக்கறவங்க. அப்புறம் அநாதை, காலாவதி. செத்தவங்களுக்குன்னு நிலை கிடையாது. ஷிவோயின் இப்போ ‘சும்மா பாக்கறவங்க’ வரிசையில இருக்காரு. அவரு சம்மதிச்சுப் பேரை எடுத்துட்டோம்னா டிரைவர் அநாதை. அநாதைங்களைக் கொஞ்ச காலம் வச்சிருந்து, யாரும் கேட்டு வரலேன்னா துடைச்சுடுவோம்.”

அதை மொழிபெயர்க்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அண்ணி என் முழங்கையைப் பிடித்து உலுக்கினார். சொன்னேன்.

“அநாதையா?”

அவர் எழுந்து நின்றுவிட்டார். அந்த டிரைவர் எப்படி வந்தது என்று அந்த அரங்கத்தில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். அண்ணிக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. ஷிவோயின் எங்கோ மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிவந்த லேப்டாப்பில் வெளிச்சத்தைக் குறைக்கும் விசை வேலை செய்யவில்லை. அதைச் செய்த கம்பெனியே மூடிக்கிடந்தது. அண்ணி திரைமேல் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு தையல் படங்களைப் பார்ப்பதைக் கண்டு, அந்த மனிதர் ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து அதை எழுதினார். கெர்னலில் அது ஏறிய அன்று எனக்கு ராக்கியா என்கிற பழச் சாராயம் வாங்கிக் கொடுத்து, “அவளுக்குத் தலை வலிச்சா அவ திட்டறது என்னையத்தானேடா” என்றார்.

“அநாதைன்னு எப்படி எழுதுவாங்க? நான் இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கேனே. சொல்லு இவங்ககிட்ட!”

சொன்னேன். மேடையில் தலைகள் கூடின. டீட்மாரின் முகம் மலர்ந்தது.

“அப்படின்னா அம்மாவே பராமரிப்பாளரா சேர்ந்துக்கலாமே! மின்னஞ்சல் முகவரி இருக்கா?”

“இருக்கு.”

“வேற ஒண்ணும் வேண்டாம்.”

“எனக்கு இதைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாதுன்னு சொல்லு.”

சொன்னேன். அதை இங்கே யாரும் கேட்கவில்லை என்று பதில் வந்தது. இருக்கிற பெயரை எடுக்கத்தான் பராமரிப்பாளரின் ஒப்புதல் வேண்டும். இன்னொரு பெயரைச் சேர்க்க யாருடைய ஒப்புதலும் வேண்டாமாம். குளிர்காலம் முழுக்க ஒரு இறப்பை ஏற்றுக்கொள்ள முடியாத குழு, காபி இடைவேளைக்குள் நாடக அரங்கத் தையல்காரர் ஒருவரைக் கெர்னல் பராமரிப்பாளராக்கியது. குழுவில் பெண்களின் எண்ணிக்கை உயர்ந்துவிட்டதாக ஒருவர் எழுந்து பெருமையோடு அறிவித்தார். அதற்கும் கைதட்டினார்கள். அண்ணி தட்டைத் துணியால் மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் அவர் வீட்டில் உட்கார்ந்து என் ஒரு வரித் திருத்தத்துக்கு ஒப்புதல் எழுதினார். நான் சொல்லச் சொல்ல ஒற்றை விரலால் தட்டினார். உடனே சேர்த்துக்கொண்டார்கள். இழுத்து வருவது போய், ‘அவர் வந்திருந்தால்தான் நானும் வருவேன்’ என்று டிரைவர் மரியாதை கற்றுக்கொண்டது. ரோபோவுக்குத் திருப்தி. கடிதம் நின்றுவிட்டது.

அந்த வாரக் கடைசியில் அண்ணி என்னைப் போனில் கூப்பிட்டார்.

“ஏண்டா, அவருக்கு ஒண்ணும் வரலையே?”

“எல்லாம் சரியாயிடுச்சு அண்ணி. இனிமே திட்ட மாட்டாங்க.”

“அப்படியா. அன்புள்ள ஷிவோயின்னு அந்த மெஷின் ஒண்ணுதாண்டா தினம் எழுதிட்டு இருந்துச்சு.”

போனை வைத்துவிட்டு நானும் கொஞ்சம் அழுதேன்.

ஆனால் எங்கள் துறையில் மரியாதைக்கும் ஒரு விலை உண்டு. முன்பு இழுத்துவரப்பட்ட வெளிச்சப் பகுதி இப்போது தானாக வந்திருக்க வேண்டும். அது வராத கணினிகளில் டிரைவரும் சத்தம் போடாமல் வெளியே நின்றுவிட்டது. வரவில்லை என்று யாரிடமும் சொல்லவும் இல்லை. போர்ச்சுகல் நாட்டுப் பள்ளி ஆசிரியர் ஒருவர், புதுக் கெர்னல் போட்டதிலிருந்து தன் பழைய லேப்டாப்பில் வெளிச்சம் குறைய மறுப்பதாகவும், இந்த மாற்றத்தைச் செய்த மூளை யாருடையது என்றும் கேட்டு எழுதினார். கோப்பில் இருந்த பெயர்களை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்: ‘அன்புள்ள ஷிவோயின், ராடோய்கா.’

அண்ணி அதை எனக்குப் படித்துக் காட்டினார். முதல் வரியை மட்டும் இன்னொரு தடவை படித்தார்.

“நல்லாத்தான் திட்டியிருக்கான். மன்னிச்சுக்கப்பான்னு எழுதிடவா?”

“எழுதுங்க. எந்தப் பகுதியைச் சேத்துக்கணும்னு நான் கீழ சொல்லிடறேன்.”

பிறகுதான் டீட்மாரின் கடிதம் வந்தது. தேங்கிக் கிடக்கும் வேலைகளைப் பார்த்தபோது, ஷிவோயினின் பெயரை எடுக்கும் திருத்தம் இன்னும் காத்திருப்பது தெரியவந்ததாம். இப்போது ஒப்புதல் தரும் அதிகாரமுள்ள பராமரிப்பாளர் இன்னொருவர் இருப்பதால் சிக்கல் தீர்ந்ததாம். ராடோய்கா ஒரே ஒரு வார்த்தை எழுதினால் அன்றைக்கே எடுத்துவிடுவார்களாம். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு தெலெப்புக்கு ஓடினேன்.

அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையில் அந்த இடத்தைப் பார்த்தார். ஷிவோயின் பெயர் ஒரு வரி. அதற்குக் கீழே அவர் பெயர் ஒரு வரி.

“கல்லறையிலயும் இப்படித்தாண்டா வெட்டியிருக்கு” என்றார். எங்கள் பக்கத்தில் கணவன் மனைவியில் ஒருவர் போனதும் கல்லில் மற்றவர் பெயரையும் சேர்த்தே வெட்டிவிடுவார்கள், வருடத்தை மட்டும் காலியாக விட்டு.

“நீங்க கேட்டது நடந்துடுச்சு அண்ணி. சம்மதம்னு ஒரு வார்த்தை அடிங்க. அவரு பேரு போயிடும்.”

“நான்தான் அடிக்கணுமா?”

“நீங்க மட்டும்தான் அடிக்க முடியும்.”

அவர் விரல் விசைகளுக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார்.

“அடிக்கலேன்னா?”

“நீங்க பதில் சொல்ற வரைக்கும் காத்திருப்பாங்க. நடுவுல ஞாபகப்படுத்துவாங்க.”

“எத்தனை நாளு?”

“அது விதியில இல்ல.”

அண்ணி லேப்டாப்பை மெதுவாக மூடினார்.

“அவரு இத்தனை நாளா பதில் சொல்லாமத்தானே இருக்காரு. நானும் சொல்லல. ரெண்டு பேரும் பேசாம இருந்துக்கறோம், நீ போ.”